பாகாயம் இறக்கம்

லாரிக்கு எதிர்காலமே கிடையாது என்று நான் ஒருமுறை முக்கால் மணி நேரம் மேடையில் பேசியிருக்கிறேன். லாரி புக்கிங் ஆபீஸ் தரும் சம்பளத்தில் பல வருஷமாகச் சாப்பிடுகிறவன் இதைத் தானாகவே ஒப்புக்கொண்டுவிடுவது மரியாதை. இல்லாவிட்டால் எடுத்துச் சொல்ல ஆம்பூரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் வாசகசாலையின் ஆண்டுவிழா. நான் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ரைட்டர். கடிதம் எழுதுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாததால், எல்லாம் தெரிந்தவன் என்று ஊரில் பெயர். "பெட்ரோல் பூமிக்கு உள்ளே இருக்கிறது, ஒருநாள் தீர்ந்துபோகும், புல் பூமிக்கு மேலே இருக்கிறது, முளைத்துக்கொண்டே இருக்கும்" என்று நான் முழங்கியதும் பின்வரிசையிலிருந்த தோல் வண்டிக்காரர்கள் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவர் மறுவாரமே புது ஜோடி மாடு வாங்கினார். பிற்காலத்தில் அவர் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவர் என் அக்கா புருஷன். மாமாவும் வண்டிக்காரர்தான். ரயிலில் வந்து இறங்கும் உப்புத்தோலை டேனரிக்குக் கொண்டுவருவதும், பதனிட்ட தோலை மறுபடி ஸ்டேஷனில் சேர்ப்பதுமாக இருபது வருஷம் ஓட்டியவர். பாரம் ஏற்றுவதில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. முன்பாரமானால் மாட்டின் கழுத்து இறங்கும், பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கித் தொண்டையை இறுக்கும். கட்டு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கண்ணாலேயே சொல்லிவிடுவார். இறக்கம் வந்தால் எந்த வண்டிக்காரரும் மேலே உட்கார்ந்திருக்க மாட்டார். கீழே குதித்து, முன்னால் போய் நுகத்தடியில் தோள் கொடுத்து, மாட்டுக்குச் சமமாக நடந்து இறக்குவார். மாமாவுக்கு அது யோசித்துச் செய்கிற காரியமாகவே இல்லை. சாலை சரிந்தால் கால் தானாகத் தரையைத் தேடும்.

முதலாளி சாயபு ஒரு லாரி வாங்கப்போவதாகச் சொன்னார். மெட்ராஸ் பெரியமேட்டுத் தோல் மண்டிக்கு நேராகச் சரக்கு போகும், ரயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். எங்கள் வண்டிக்காரர்களில் யாராவது பக்ரீத்துக்குள் லைசென்ஸ் எடுத்தால் அவனுக்கே ஸ்டியரிங், இல்லையென்றால் வேலூரிலிருந்து டிரைவர் வருவார் என்றார். பக்ரீத் கழிந்த மறுநாளிலிருந்து தோல் மலைமலையாக வந்து இறங்கும். அதற்குமேல் அவரால் ஒருநாளும் பொறுக்க முடியாது. மாமா என்னிடம் வந்து கேட்டார். நான் ஆண்டுவிழாப் பேச்சைச் சுருக்கி மறுபடி சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "தோலு எங்கியாச்சும் போய்ட்டேதான் இருக்கும் மச்சான். அது எதுல போவுதோ அதுல நான் ஏறிக்கறேன்" என்றார். அந்த வாரமே மாடுகளை ஆலங்காயத்தில் இருந்த தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அக்கா அழுதாள். "ஊட்ல கட்டியிருந்தா மனசு அங்கியே போவும்" என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம். லைசென்ஸ் வராவிட்டால் இந்தப் பக்கம் வண்டியும் இல்லை, அந்தப் பக்கம் லாரியும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

பட்டாளத்தில் லாரி ஓட்டித் திரும்பிய பாய் ஒருவர் பஜாரில் பழைய லாரி ஒன்று வைத்திருந்தார். மாமாவைவிட வயதில் சின்னவர். "கத்துக்கணும்னா மொதல்ல அடியில இருந்து வரணும்" என்று சொல்லிவிட்டார். நாற்பது வயது மனிதர் கிளீனர் ஆனார். விடிந்ததும் லாரியைக் கழுவினார், ஹேண்டில் போட்டு எஞ்சினைச் சுற்றினார், கிரீஸ் பூசிக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வண்டிக்காரர்கள் வேண்டுமென்றே அந்த வழியாக ஓட்டிப்போவார்கள்.

"இன்னாப்பா, லாரிக்கு தண்ணி காட்டினியா?"

"காட்டிட்டேன்" என்பார் மாமா, அடியிலிருந்தே. ரேடியேட்டரில் ஊற்றியிருப்பார்.

"லாடம் எப்போ அடிக்கப்போற?"

"டயருக்காரன் வரட்டும். உனுக்கும் சேத்து அடிக்கச் சொல்றேன்."

மூன்று மாதத்தில் பாய் அவருக்கு ஸ்டியரிங்கைக் கொடுத்தார். ஓட்டினார், நன்றாகவே ஓட்டினார். சோதனைக்கு வேலூர் போக வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பாகாயம் சாலையில் ஓட்டச் சொல்வார். பாரம் ஏற்றித்தான் ஓட்டிக்காட்ட வேண்டும் என்பது அவருடைய வழக்கம். நானும் துணைக்கு, பாயின் லாரியில் உப்புத்தோல் கட்டுகளின் மேல் உட்கார்ந்து போனேன். நாற்றத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. கை சிக்னல், திருப்பம், ரிவர்ஸ் எல்லாம் சரியாக நடந்தது. பிறகு ஓர் இறக்கம் வந்தது. மாமா லாரியை நிறுத்தினார், கதவைத் திறந்து குதித்தார், முன்னால் ஓடிப்போய் ரேடியேட்டருக்குத் தோள் கொடுத்து நின்றார். இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னாய்யா பண்றே அங்க?" என்றார். மாமாவுக்கு அப்போதுதான் தாம் எங்கே நிற்கிறோம் என்பதே தெரிந்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கக்கூட இல்லை. "பதினைஞ்சு நாள் கழிச்சு வா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பதினைந்தாவது நாளுக்கு மறுநாள் பக்ரீத்.

இந்தக் கதை எங்களுக்கு முன்னால் ஆம்பூர் வந்து சேர்ந்துவிட்டது. பஜாரில் யாராவது ஒருவர் அவர் எதிரில் கூரைத்தூணுக்குத் தோள் கொடுத்து நிற்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆலங்காயம் போய் மாட்டைப் புடிச்சுட்டு வரச் சொல்லுடா, நீ சொன்னா கேப்பாரு" என்றாள். அவர் நான் சொன்ன எதையுமே கேட்டதில்லை என்பது அவளுக்கு ஞாபகமில்லை. நான் போய், டேனரியில் வாட்ச்மேன் வேலை காலியாக இருக்கிறது, முதலாளியிடம் பேசுகிறேன் என்றேன். "இருபது வருசம் தோலை நகத்தினவன் நானு. இப்போ அதுக்குக் காவல் காக்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு லாரிக்கு அடியில் போய்விட்டார். ஒருநாள் விடாமல் பாயை அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியிருந்த அத்தனை இறக்கத்துக்கும் போனார். ஒவ்வொரு தடவையும் கதவில் கை போனது என்று பாய் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பதினைந்தாவது நாள் மறுபடியும் உப்புத்தோல், மறுபடியும் நான். இறக்கம் தெரிந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். கியர் மாறுகிற சத்தம் கேட்டது. லாரி சரிவில் முனகிக்கொண்டே இறங்கியது. நிற்கவில்லை. கண்ணைத் திறந்தபோது இறக்கம் எங்களுக்குப் பின்னால் இருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் கண்ணாடி வழியாக மாமாவின் பிடரி தெரிந்தது. நனைந்த துணிபோல வேர்த்திருந்தது. இன்ஸ்பெக்டர் தாளில் கையெழுத்துப் போட்டார்.

பக்ரீத் தோல் அந்த வருஷம் மாமாவின் கையால் மெட்ராஸ் போனது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என் முக்கால் மணிப் பேச்சில் நான் எந்த இடத்திலும் யோசித்திருக்கவில்லை. ஒரு லாரி வந்தால் டிரைவர் ஒருவர்தான் வேண்டும் என்று நினைத்தேன். டயர் போடுகிறவர், ஸ்பிரிங் பட்டை அடிக்கிற கொல்லர், பாடி கட்டுகிற ஆசாரி, தார்ப்பாய் தைக்கிறவர், சரக்கு பதிகிற ரைட்டர் என்று பஜாரில் ஒரு சாரியே முளைத்தது. கூரைத்தூணுக்குத் தோள் கொடுத்தவர்களில் மூன்று பேர் மாமாவிடமே வந்து கிளீனராகச் சேர்ந்தார்கள். சரக்கு பதிகிற ரைட்டர் யார் என்று வாசகருக்குத் தெரியும். அந்த வேலைக்கும் மாமாதான் சொல்லி வைத்தார்.

இப்போது ஜோலார்பேட்டையில் நீராவி எஞ்சினுக்கு எத்தனை நாள் ஆயுள், டீசல் வந்தால் கரி அள்ளிப் போடுகிறவர்கள் எங்கே போவார்கள் என்று புக்கிங் ஆபீஸுக்கு வந்து கேட்கிறார்கள். எதிர்காலத்தைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை. பதிலுக்கு மாமாவின் கதையைச் சொல்கிறேன். இருபது வருஷப் பழக்கத்தை ஒரு மனிதன் தன் மனவலிமையாலேயே பாகாயம் இறக்கத்தில் அடக்கிக் காட்டினான் என்று முடிப்பேன். கேட்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து போவார்கள்.

போன மாதம் பாய் வந்திருந்தார். தாடி நரைத்துவிட்டது. நான் கதையைச் சொல்லி முடிக்கும் வரை டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். வந்தவர்கள் போனபிறகு கிளாஸைக் கீழே வைத்தார்.

"மனவலிமையா? நல்லா சொல்ற ரைட்டரே. அன்னிக்கு காலையிலயே வந்து, 'பாய், என்னை நம்பாத, கதவைக் கட்டிடு'ன்னான். வெளிப்பக்கமா தோல் வார் போட்டு மூணு முடிச்சு போட்டேன். அவன் இன்ஸ்பெக்டர் பக்கத்துக் கதவாலதான் ஏறினான். எறக்கத்துல ரெண்டு தபா தள்ளிப் பாத்திருக்கான், கதவு தொறக்கல. நீ மேலதானே குந்தியிருந்தே, உனுக்குத் தெரியாது?"