இரண்டு கண்ணும் ஒரே பக்கம்

எங்கள் வீட்டு முறத்தில் கிடந்த அந்த மீன் இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது. நாக்கு போலத் தட்டை. மேல்பக்கம் மணல் நிறம். இரண்டு கண்களும் அங்கேயே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. திருப்பிப் போட்டால் வெள்ளை வெளேரென்று, கண்ணையே காணோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் தென்காசியில் எங்களுக்குத் தெரிந்த மீன் குளத்து விராலும் கெளுத்தியும்தான். அவை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கண்ணால் நம்மைப் பார்க்கும்.

உப்புத் தடவி, ஈரச்சாக்கில் சுற்றி, ரயிலில் அதைக் கொண்டுவந்தவர் தூத்துக்குடிக்காரர். குற்றாலத்தில் சாரலுக்குக் குளிக்க வந்ததாகச் சொன்னார். அக்காவைத் தம் மகனுக்குக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும். அந்த மகனை முந்தின வருஷச் சாரலில் அருவிக்கரையில் அக்கா ஒரே ஒரு தடவை பார்த்திருந்தாள். அதன்பிறகு வேறு எந்த வரன் வந்தாலும் அவளுக்குத் தலைவலி வந்தது.

விருந்தாளி அருவிக்குப் போயிருந்த நேரத்தில் அப்பா மீனைப் புரட்டிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“பாதி மீனுல்லா இது! நெட்டுக்கு அறுத்து, மறுபாதியை வீட்டுல வச்சுட்டு வந்திருக்காரு. மீனையே முழுசாத் தராதவரு நம்ம பிள்ளையை எப்படி வச்சுக்கிடுவாரு?”

“பாதி மீனுக்கு ரெண்டு கண்ணு எப்படி வந்துச்சாம்?” என்றாள் அம்மா.

“அந்த மறுபாதியோட கண்ணையும் பிடுங்கி இதுல ஒட்டியிருக்காரு. நாம முழுசுன்னு நம்பணும்லா!”

ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதைக் காப்பாற்ற அப்பா எவ்வளவு தூரமும் போவார்.

அப்பாவை நிமிர்ந்து பார்த்துப் பேசாத அக்கா, அருவாமனையைப் போட்டு உட்கார்ந்தாள். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து வைத்தாள். நடுமுள்ளைக் காட்டினாள், இரண்டு பக்கமும் சதை இருந்தது.

“எல்லாம் முழுசா இருக்குப்பா. இது கண்ணுதான் இப்படி.”

அப்பா மத்தியானம் பந்தியில் உட்கார்ந்ததும் விருந்தாளியிடம் பட்டென்று கேட்டார். “இதுக்கு ஏன் ஒரே பக்கம் கண்ணு?”

விசாரணை நடப்பது தெரியாமல் அந்த மனிதர் உற்சாகமாகிவிட்டார். “குஞ்சுல பக்கத்துக்கு ஒண்ணாத்தான் இருக்கும் அண்ணாச்சி. பிறவு கடல் தரையில சரிஞ்சு படுத்துக்கிடும். கீழ்க்கண்ணு மண்ணைப் பாத்து என்ன செய்ய? மெல்ல நகந்து மேல வந்துரும். மணலுக்குத் தக்கன நெறத்தையும் மாத்திக்கிடும். மிதிச்சாத்தான் தெரியும்.”

அப்பா இலையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அம்மாவைப் பார்த்து, “சம்பந்திக்கு இன்னொரு துண்டு வை” என்றார்.

உள்ளே அகப்பை விழுகிற சத்தம் கேட்டது. அம்மா ஓடிப்போய்ப் பார்த்தாள். குழம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.