ஒத்திகையில் முதல் ஆள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். தீப்பிடித்தால் எதையும் தொடாமல் வெளியே ஓடி, மரத்தடியில் தலை எண்ணுவதற்கு வரிசையாக நிற்க வேண்டும் என்று அங்கே அடிக்கடி ஒத்திகை வைப்பார்கள். அதில் எப்போதும் நான்தான் முதல் ஆள்.

போன கோடையில் எங்கள் வாடகை வீட்டில் ஃபிரிட்ஜ் ஒயர் பற்றிக்கொண்டது. புகையைப் பார்த்ததும் ஒத்திகைப்படியே ஓடிப்போய், எதிரிலிருந்த வேப்பமரத்தடியில் விறைப்பாக நின்றேன். பின்னாலேயே இருமிக்கொண்டு வந்த என் மனைவி செல்வி, "இன்னாங்க, தலை எண்ணுவாங்கன்னு நிக்கிறீங்களா? மெஷின் உள்ளயே இருக்குது!" என்று கத்தினாள்.

அது அவள் ஜாக்கெட் தைத்துச் சம்பாதிக்கிற மெஷின். அதற்குள் வாசலே புகையில் மறைந்துவிட்டது.

தீயை அணைத்த பிறகு வீட்டுக்கார பாய் வந்தார். "பேஜாராவாதீங்க, இன்சூரன்ஸ் இருக்குது" என்றார். எனக்கு உயிர் வந்தது.

"எங்க மெஷினுக்குமா பாய்?"

"இல்லண்ணே, அது கட்டடத்துக்குத்தான். சாமானுக்கு நீங்கதான் தனியா எடுத்திருக்கணும்."

கருகிய மெஷினைப் பார்த்தேன். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

இப்போது வேறு வாடகை வீடு. சாமான்களுக்கு எங்கள் பேரில் பாலிசி எடுத்துவிட்டோம். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, என் போன் எரிந்தாலும் இருக்கட்டும் என்று பில்லோடு மச்சான் போனுக்கும் அனுப்பிவிடுகிறேன். செகண்ட்ஹேண்டில் வாங்கிய மெஷினைச் செல்வி போட்டோ எடுத்தபோது, நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"தள்ளுங்க. எரியிற வீட்டுல நீங்க எங்க இருக்கப் போறீங்க?" என்றாள்.