இங்கிலீஷில் மூன்று முறை பெயிலான சாரதாமணி

சாரதாமணி எடுத்த காரியம் எதையும் பாதியில் விட்டதில்லை, ஒன்றைத் தவிர. தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். தறியில் ஏற்றிய பாவு முடியுமுன் சேலையை அறுத்து எடுக்கிற வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. அதனால்தான் அந்த ஒன்று அவளைக் கல்யாணமாகிப் பல வருஷங்கள் கழித்தும் உறுத்திக்கொண்டே இருந்தது.

அவள் அப்பா பழனிமுத்து திருப்பூரில் கைத்தறி நெய்தவர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போய்வரும் மனிதர். அவர்கள் தெருவில் பதினொன்றாம் வகுப்பு வரை போன முதல் பெண் சாரதாமணி. 1956இல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாள். கணக்கு, தமிழ், சரித்திரம் எல்லாம் தேறின. இங்கிலீஷ் மட்டும் முப்பத்தைந்தைத் தொடவில்லை.

காரணம் அவளுக்கே தெரியும். கட்டுரைக்காக ஊட்டியைப் பற்றி ஒரு பக்கம் மனப்பாடம் செய்திருந்தாள். வினாத்தாளில் வந்தது மழை நாளைப் பற்றி. மழையைப் பற்றி ஒரு வரியும் மனப்பாடம் இல்லை. கை சும்மா இருக்கக்கூடாதே என்று ஊட்டியையே எழுதி, கடைசியில் அங்கே மழை பெய்தது என்று ஒரு வரி சேர்த்துவிட்டு வந்தாள். அக்டோபரில் மறுபடி எழுதினாள். அடுத்த மார்ச்சில் இன்னொரு முறை. ஒவ்வொரு தடவையும் வேறொரு கட்டுரையை மனப்பாடம் செய்தாள், ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ ஒன்று வந்தது. மூன்றாவது பெயிலுக்குப் பிறகு கல்யாணம் பேசிவிட்டார்கள்.

மாப்பிள்ளை வேலுமணி பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டுபவன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன், அமைதியானவன். இரண்டு குழந்தைகள் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் சாரதாமணியும் அதே கம்பெனியில் செக்கிங் மேஜைக்கு வேலைக்கு வந்தாள். தைத்து வருகிற பனியனை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் தனியே போட வேண்டும். அந்த மேஜையில் அவளோடு இன்னும் இரண்டு பேர். ஒருத்தி மருதாள், நெருப்பெரிச்சல் கிராமத்திலிருந்து வருகிற சின்னப் பெண். இன்னொருத்தி சுப்பாத்தாள். வாய் ஓயாமல் பேசுகிறவள், சாரதாமணியைவிட நாலைந்து வயது இளையவள்.

1969ஆம் வருஷம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மருதாள் அழுதுகொண்டிருந்தாள். டெலிபோன் ஆபீசில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருக்க வேண்டும். அவள் இங்கிலீஷில் இரண்டு முறை பெயில். அதைக் கேட்டுக்கொண்டிருந்த சுப்பாத்தாள், சாப்பாட்டுத் தூக்குப்போசியை மூடியபடி, தானும் இங்கிலீஷில்தான் போனதாகச் சொன்னாள். சாரதாமணி தன் சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு தன் மூன்று தோல்விகளையும் சொன்னாள். ஒரே மேஜையில் மூன்று இங்கிலீஷ் பெயில். முதலில் சிரித்தது மருதாள்தான், அழுத முகத்தோடு.

“நாம மூணு பேரும் மறுபடி எழுதுவமுங்களா அக்கா?” என்றாள்.

சாரதாமணி உடனே சரி என்று சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்தாள். தன் வயசில் பாதியே ஆன பிள்ளைகளோடு போய் உட்கார வேண்டும். நாலாவது முறையும் போனால் தெருவில் தலைகாட்ட முடியாது. ஆனால் மறுநாள் காலை வேலைக்கு வந்தவுடன் மருதாளிடம் அவள் சொன்னது, எழுதலாம் என்பதுதான்.

சொல்லித்தர ஆள் இல்லை. டுடோரியலுக்குப் போக நேரமும் இல்லை. மருதாளின் பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றுதான் கையில் இருந்தது. முதல் வாரம் ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். மூன்று பேருக்கும் தூக்கம் வந்தது. அப்போதுதான் சாரதாமணிக்கு ஒரு யோசனை தோன்றியது. மூன்று பரீட்சையிலும் கேள்வியைக் கண்டுதான் அவள் மிரண்டிருந்தாள். அந்தக் கேள்வியை நாமே போட்டுப் பார்த்தால் என்ன? அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு வந்தது. தினமும் ஒவ்வொருத்தியும் இங்கிலீஷில் ஒரு கேள்வி போட்டுக்கொண்டு வர வேண்டும். விடை தெரியாமல் கேள்வி போடக்கூடாது. மற்ற இருவரும் அதற்கு எழுதிக் காட்ட வேண்டும்.

கேள்வி போடுவது எவ்வளவு கஷ்டம் என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்ல வேண்டுமானால், அங்கே என்ன வரும், ஏன் வேறொன்று வராது என்பது போட்டவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்கள். புத்தகத்து வாக்கியங்களில் ராமாவும் ஜானும் மாம்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்தில் அவர்களை விட்டுவிட்டுக் கம்பெனிக்குள்ளேயே வாக்கியம் தேட ஆரம்பித்தார்கள். கம்பெனிப் பேச்சில் பாதி இங்கிலீஷ்தானே. டேமேஜ், ரிஜெக்ட், செகண்ட்ஸ், லேபிள், ஷிப்டு என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகளை எடுத்து, இதில் எது பெயர்ச்சொல், எது வினை, ரிஜெக்டுக்கு இறந்தகாலம் எப்படி வரும் என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டார்கள்.

பாஸிவ் வாய்ஸ் சுப்பாத்தாளுக்குப் பிடிபடவே இல்லை. ஒருநாள் சாரதாமணி டெய்லர் கோடு போடும் சாக்பீஸை எடுத்து மேஜைப் பலகையில் இங்கிலீஷில் எழுதினாள். கட்டிங் மாஸ்டர் கட்ஸ் தி கிளாத். மருதாள் அதன் கீழே திருப்பி எழுதினாள். தி கிளாத் இஸ் கட் பை தி கட்டிங் மாஸ்டர். சுப்பாத்தாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அட, இவ்வளவுதானுங்களா. மாஸ்டர் முன்னால நின்னாரு, இப்பப் பின்னால போயிட்டாரு. துணி மொதலாளி ஆயிருச்சு.”

அதற்குப் பிறகு அவளுக்கு வாய்ஸ் மாற்றுவதில் ஒரு தவறும் வரவில்லை. கம்பெனியில் யார் எதைச் செய்தாலும் அதை முன்னும் பின்னும் மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். டீக்காரன் டீ கொண்டுவந்தால்கூட டீயால் டீக்காரனைப் பின்னுக்குத் தள்ளாமல் விடமாட்டாள்.

மூவருக்குள் சண்டையும் வந்தது. சின்ஸ் வருமா ஃபார் வருமா என்று ஒரு மதியம் மருதாளும் சுப்பாத்தாளும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வழக்கு ஆபீஸ் ரூமுக்குப் போனது. அங்கே டைப் அடிக்கிற சிவசுப்பிரமணியம் பி.ஏ. படித்தவர், கூச்ச சுபாவம். பெண்கள் இருவர் வாசலில் வந்து நிற்பதைக் கண்டு எழுந்தே நின்றுவிட்டார். இரண்டும் வரும், வருகிற இடம்தான் வேறு என்று விளக்கினார். அதன் பிறகு தீராத வழக்கெல்லாம் அவரிடம் போயிற்று. எழுதியதைத் திருத்தித் தருவதாக அவராகவே ஒப்புக்கொண்டார்.

வார்த்தையும் இலக்கணமும் இப்படி வந்துகொண்டிருந்தன. கட்டுரை வரவில்லை. சாரதாமணி பழக்கம் விடாமல் மறுபடியும் ஊட்டியை மனப்பாடம் செய்து மேஜையில் ஒப்பித்தாள். மருதாள் பனியனை மடித்தபடியே கேட்டாள், ஊட்டி நிஜமாகவே அவ்வளவு குளிருமா என்று. தெரியாது, போனதில்லை என்றாள் சாரதாமணி. சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போனாள். பார்க்காத ஊரைப் பற்றி இத்தனை வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறோமே. அன்றைக்கு அவள் போட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது. இன்று காலை வீட்டிலிருந்து கம்பெனிக்கு வந்ததை எட்டு வாக்கியத்தில் எழுது. மூவரும் எழுதினார்கள். மருதாளின் பஸ் பாதி வழியில் நின்றுபோனதும், சுப்பாத்தாளின் செருப்பு அறுந்ததும், நொய்யல் பாலத்தில் சாரதாமணி பார்த்த ஆட்டு மந்தையும் முதல்முறையாக இங்கிலீஷுக்குள் வந்தன. ஸ்பெல்லிங் தவறு நிறைய. ஆனால் யாரும் மனப்பாடம் செய்யவில்லை. தினம் ஒரு எட்டு வாக்கியம் என்று அது நிலைத்துவிட்டது.

வேலுமணிக்கு இதெல்லாம் முதலில் பிடிக்கவில்லை. உங்கூட்டுக்காரி கலெக்டராகப் போறாளா என்று மிஷின்காரர்கள் கேலி செய்தார்கள். பரீட்சைக்குப் பணம் கட்டும் முன் ஒருநாள், இன்னொரு தடவை பெயிலானால் என்ன செய்வாய் என்று மனைவியிடம் கேட்டான். மறுபடி எழுதுவேன் என்றாள். 

பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது நிஜப் பரீட்சை போலவே ஒன்று எழுதிப் பார்க்க முடிவு செய்தார்கள். மூவரும் போட்ட கேள்விகளிலிருந்து பொறுக்கி சிவசுப்பிரமணியம் வினாத்தாள் டைப் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக் குடோனில் இடமும் கேட்டு வைத்தார். ஆனால் அன்று பெருமாநல்லூரில் அவர் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மேற்பார்வைக்கு ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் வேலுமணியைக் கேட்டார்கள். அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வீட்டு டைம்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பரீட்சை ஹாலில் என்னென்ன கூடாது என்று ஒரு வாத்தியாரிடம் முன்பே விசாரித்திருந்தான்.

நூல் மூட்டைகளுக்கு நடுவே தள்ளித் தள்ளி மூன்று பேர். எழுதிக்கொண்டிருந்த சாரதாமணி ஒரு தவறை அழிக்க வேண்டி, மருதாள் பக்கம் திரும்பி ரப்பர் கேட்டாள். வேலுமணி வந்து அவள் தாளை எடுத்துவிட்டான்.

“ஏனுங்க, ரப்பர்தானுங்க கேட்டேன்.”

“எங்கிட்டக் கேட்டிருக்கோணும்.”

“வெளையாடாதீங்க. குடுங்க.”

“இங்க நான் சூப்பர்வைசரு. ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்.”

தாளைத் தரவே இல்லை. மருதாளும் சுப்பாத்தாளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசி வரை எழுதினார்கள். பாதித் தாளுக்கு சிவசுப்பிரமணியம் போட்ட மதிப்பெண்ணில் சாரதாமணி பெயில். இரண்டு நாள் புருஷனோடு பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் தானாகவே டைம்பீஸை எடுத்துக்கொண்டு கிளம்பினான், அவளும் பின்னாலேயே போனாள். அவளுக்காக மட்டும் வேறொரு தாள் போட்டு எழுத வைத்தார்கள். இந்தத் தடவை அவள் தலை நிமிரவே இல்லை. நல்ல மதிப்பெண்ணில் தேறினாள்.

1970 மார்ச்சில் நிஜப் பரீட்சை. ஹாலில் அவளைக் கண்டு யாரோ டீச்சர் என்று நினைத்து ஒரு பெண் எழுந்து நின்றாளாம். சாரதாமணி அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தன் நம்பரைத் தேடிப்போய் உட்கார்ந்தாள். வினாத்தாள் வந்தது. முன்பெல்லாம் அதை வாங்கியதும் கட்டுரைத் தலைப்பைத்தான் முதலில் தேடுவாள். இப்போது அவள் அதை வாசித்த விதமே வேறு. இந்தக் கேள்வி எதற்காகப் போட்டது, எந்த இடத்தில் தடுமாற வைக்கப் பார்க்கிறார்கள் என்று, போட்டவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது போலத் தெரிந்தது. ஒரு கேள்வியைப் பார்த்து, இதைவிட நல்லதாக சுப்பாத்தாள் போடுவாளே என்றுகூட நினைத்தாளாம். கட்டுரைக்கு, உங்கள் ஊரில் அயலூரார் பார்க்க வேண்டிய ஓரிடம் என்று ஒரு தலைப்பு இருந்தது. கோயிலையோ அணையையோ எழுதியிருக்கலாம். அவள் பனியன் கம்பெனியை எழுதினாள். கோனில் சுற்றிய நூல் மிஷினுக்குள் ஏறுவது, துணி குழாய் போல இறங்குவது, கத்திரி, தையல், மேஜையில் விழும் வெளிச்சம் எல்லாவற்றையும் தெரிந்த வார்த்தையில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிக்கொண்டே போனாள். மணி அடித்தபோது அவளுக்கு இன்னும் சொல்ல இருந்தது.

ரிசல்ட் வந்த அன்று பேப்பர் வாங்கிவந்தது சிவசுப்பிரமணியம். செக்கிங் மேஜையின் மேல் பேப்பரை விரித்து நம்பர்களை விரலால் தேடினார்கள். மருதாள் நம்பர் இருந்தது. கொஞ்சம் கீழே சாரதாமணியின் நம்பரும் இருந்தது. சுப்பாத்தாள் நம்பரைக் காணோம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். முதலில் பேசியது சுப்பாத்தாள்தான். “அக்டோபர் இருக்குதுல்லீங்க” என்றாள்.

சாரதாமணி அன்று சாயங்காலமே அடுத்த கேள்வியைப் போட்டுக் கொடுத்தாள். தேறியவர்கள் இருவரும் ஒருநாள்கூட நிறுத்தவில்லை. டெலிபோன் ஆபீசில் வேலை கிடைத்த பிறகும் மருதாள் வாரம் தவறாமல் வந்து கேள்வி போட்டாள். அக்டோபரில் சுப்பாத்தாள் எழுதினாள். அந்த ரிசல்ட்டை அவளே பார்த்துவிட்டுக் கம்பெனிக்குள் ஓடிவந்தாள். மிஷின் சத்தத்தில் அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. எல்லா மிஷினும் ஒருசேர நின்ற அமைதியில், “நான் பாஸுங்க” என்கிற குரல் மட்டும் கம்பெனி முழுக்கக் கேட்டது. மிஷினை விட்டு முதலில் எழுந்து வந்து கைதட்டியது வேலுமணி. கேலி செய்தவர்களும் தட்டினார்கள்.

விஷயம் பரவியது. கட்டிங் மாஸ்டர்கள், டெய்லர்கள், பள்ளியில் தவறிய பெண்கள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சாரதாமணியைத் தேடி வந்தார்கள். குடோன் போதவில்லை. 1972இல் கடைவீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தாள். வருகிறவர்களுக்கு அவள் பாடம் நடத்தியதைவிட அவர்களைக் கேள்வி போட வைத்ததுதான் அதிகம். முதல் வருஷமே பெரும்பாலோர் தேறினார்கள். தேறாதவர்கள் அடுத்த தடவை தேறினார்கள்.

அந்த மாடிக்குப் பலகை எழுத பெயிண்டர் நல்லான் வந்தார். டுடோரியல் பெயரை எழுதிவிட்டு, நடத்துபவர் பெயருக்குப் பின்னால் என்ன பட்டம் போடுவது என்று கேட்டார். எஸ்.எஸ்.எல்.சி. என்றாள் சாரதாமணி. நல்லான் தயங்கினார். பி.ஏ., எம்.ஏ. என்றால் போடுவார்கள், இதை யாரும் பலகையில் போட்டுக்கொள்வதில்லை, பெயர் மட்டும் இருந்தால் மரியாதையாக இருக்கும் என்றார்.

“இல்லீங்க, போடுங்க. அதுக்குத்தானுங்க பதினாலு வருசமாச்சு.”

நல்லான் பிரஷ்ஷை நனைத்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வேலுமணி, எழுத்து சின்னதாக இருக்கிறது, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது என்றான். அழித்துவிட்டு மறுபடி எழுதினார்கள். கடைசியில் பலகையில் அவள் பெயரைவிட எஸ்.எஸ்.எல்.சி. பெரிதாக இருந்தது.