அண்ணியும் வேண்டாம் பெட்டியும்

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் அண்ணியிடம் வந்து சேர்வார்கள். அவர் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். கேள்வி கேட்டால் அந்தப் பிள்ளைகள் மேசையின் கீறல்களைப் பார்ப்பார்கள். அதே விடையை எழுதச் சொன்னால் சரியாக எழுதிவிடுவார்கள். "படிப்பு ஏறல" என்று அவர்களைத் தள்ளிவைக்கும் சக ஆசிரியர்களோடு அண்ணிக்கு ஓயாத சண்டை.

சண்டையில் பாதி ஜெயித்த பிறகுதான் அவர் கல்வியியலில் ஆய்வுப் படிப்புக்குப் பதிவு செய்தார். அவருடைய கேள்வி எளிமையானது. நாளைக்குக் கேட்கப்போகும் கேள்வியை இன்றைக்கே காதோடு சொல்லி அனுப்பினால் அந்தப் பிள்ளைகள் பேசுவார்களா? இதற்கு முன் யாரும் இதை ஆராயவில்லை என்று பல்கலைக்கழகக் குழுவிடம் காட்ட வேண்டும். குழு ஒப்புக்கொண்டால் ஒரு வருஷம் சம்பளத்தோடு படிப்பு விடுப்பு. வருஷத்துக்கு ஒரு ஆசிரியருக்குத்தான் அது கிடைக்கும். அண்ணி அந்த ஒரு வருஷத்தை மனசுக்குள் ஏற்கனவே செலவழிக்கத் தொடங்கியிருந்தார்.

நூலகத்துக்கு என்னைத் துணைக்குக் கூப்பிடுவார். எனக்கு வேலை கிடைக்காத காலம் அது. "நீயும் என் வகுப்புல உட்கார வேண்டியவன்தானே, வா" என்பார். அவர் கணினி முன்னால் உட்கார, பக்கத்து நாற்காலியில் நான் ஒரு கவிதைத் தொகுப்போடு உட்காருவேன். பக்கம் திரும்பாது. அவர் முகம்தான் சுவாரஸ்யமாக இருக்கும்.

உலகத்துப் பத்திரிகைகளில் வந்த ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் அந்தத் தரவுத்தளத்தில் இருந்தன. பேசாத குழந்தைகள் என்று ஆங்கிலத்தில் தட்டியதும் ஆயிரக்கணக்கில் கொட்டியது. அத்தனையும் டாக்டர்கள் எழுதியவை. பேச்சுக் கோளாறு, மருந்து, சிகிச்சை. அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "என் பிள்ளைங்களுக்கு வியாதி இல்ல தம்பி, வெட்கம். இவங்க என்னடான்னா ஊசியும் கையுமா வந்து நிக்கிறாங்க."

நூலகர் வந்து ஒரு வழி காட்டினார். தேடும் பக்கத்தில் கீழே இன்னொரு கட்டம் உண்டு. வேண்டாத சொற்களை அதில் போட்டால், அவை இருக்கும் கட்டுரைகள் எல்லாம் பட்டியலைவிட்டுப் போய்விடும். அண்ணி அதற்கு வேண்டாம் பெட்டி என்று பெயர் வைத்தார். கோளாறு, சிகிச்சை என்ற இரண்டு சொற்களையும் ஆங்கிலத்தில் அதில் போட்டார். வீட்டை ஒழித்துப் பெருக்கியதுபோல் பட்டியல் சுத்தமாகிவிட்டது. மிஞ்சிய ஒவ்வொரு கட்டுரையின் சுருக்கத்தையும் வாசித்தார். அவருடைய கேள்வியை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

'இதுவரை எவரும் ஆராயாத கேள்வி' என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தார். அண்ணன் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து, தெருவில் எதிர்ப்பட்ட ஒருவரையும் விடாமல் அந்த வரியைச் சொன்னார். விடுப்பையும் சேர்த்தே சொல்லிவிட்டார்.

குழு கூட இன்னும் மூன்று வாரம் இருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு மேசையில் அண்ணி தன் ஆய்வின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பிழை பார்க்க நான். 'இக்குழந்தைகளின் மௌனம் ஒரு கோளாறு அல்ல. அதற்குச் சிகிச்சை தேவையில்லை' என்று எழுதியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, இதை நாளைக்கு ஒருத்தர் என்னை மாதிரியே தேடினா, கிடைக்குமா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கிடைக்காது. வேண்டாம் என்று அவர் போட்ட இரண்டு சொற்களும் அந்த ஒரே வாக்கியத்தில் இருந்தன. கோளாறு என்று எழுதினாலும் கோளாறு அல்ல என்று எழுதினாலும் இயந்திரத்துக்கு ஒன்றுதான். சொல் கண்ணில் பட்டதும் தூக்கி வெளியே போட்டுவிடும். அண்ணியைப் போல் யோசித்த யாராவது முன்பே எழுதியிருந்தால், அவரைத்தான் அண்ணி முதலில் வெளியே தள்ளியிருப்பார்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நேராக நூலகம். பெட்டியைக் காலி செய்தார். டாக்டர்கள் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். இந்தத் தடவை அவர் ஒருவரையும் விரட்டவில்லை. தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து வரிசையாக வாசித்தார். கண் சிவந்தால் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வருவார். நூலகரே ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாதியைப் பங்கு போட்டுக்கொண்டார்.

கிடைத்தது. பழைய கட்டுரை. பக்கம் கோணலாகப் பிரதியெடுக்கப்பட்டு, ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ நிழலாக விழுந்திருந்தது. எழுதியவர் வேறொரு நாட்டில் ஒரு பள்ளி ஆசிரியை. அதே கேள்வி. முந்தைய நாளே சொல்லி அனுப்பும் அதே உபாயம். இரண்டாவது வரியில், இது கோளாறு அல்ல.

அண்ணி கடைசிவரை வாசித்தார். அழுதுவிடுவாரோ என்று நான் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்தேன். சிரிக்கிற சத்தம் கேட்டது. "பாரேன், நான் போடற சண்டையெல்லாம் இந்தம்மா எனக்கு முன்னாடியே போட்டு முடிச்சிருக்காங்க."

அண்ணன் சிரிக்கவில்லை. இத்தனை நாள் தேடி இவளுக்கே இப்போதுதான் கிடைத்தது, குழுவில் இருப்பவர்கள் எங்கே தேடப்போகிறார்கள் என்று வாதாடினார். ஊரெல்லாம் சொன்னதை எந்த முகத்தோடு திருப்பி வாங்குவது என்றார். கடைசியில் கெஞ்சும் குரலில், "டீச்சர், உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. சும்மா இருன்னுதான் சொல்றேன்" என்றார்.

"அவங்க எழுதினது இல்லவே இல்லைன்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேங்க. சும்மா இருந்தா அது அப்படியே நிக்கும்."

மறுநாள் அண்ணி குழுவில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொன்றாக அந்தக் கட்டுரையைப் பிரதி எடுத்தார்.

கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது. அண்ணி புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தார். "நான் கொடுத்த விண்ணப்பத்துல ஒரு வரி தப்பு" என்று ஆரம்பித்தார். பிரதிகளைக் கொடுத்தார். தேடியதில் எங்கே சறுக்கினார் என்பதை வகுப்பில் பாடம் சொல்வதுபோல் விளக்கினார். கட்டுரை எழுதிய ஆசிரியை பெரிய பிள்ளைகளைத்தான் ஆராய்ந்திருந்தார், கை தூக்குகிறார்களா என்பதோடு நிறுத்திக்கொண்டார். கேள்வியை முன்கூட்டிச் சொல்லாத நாட்களிலும் சின்னப் பிள்ளைகளுக்கு அந்தத் தைரியம் நிற்குமா என்று பார்க்க விரும்புவதாகச் சொன்னார்.

குழுத் தலைவர் வெகுநேரம் புரட்டினார். தங்களில் யாரும் இதைப் பார்த்ததில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். "நீங்க காட்டலைன்னா இன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்போம்மா. இப்ப உங்க கேள்வி மாறிடுச்சு. திட்டத்தை மாத்தி எழுதிட்டு அடுத்த பருவத்துக்கு வாங்க. கட்டாயம் வாங்க."

விடுப்பு ஒரு கணக்கு ஆசிரியருக்குப் போனது. படி இறங்கும்போது அண்ணியின் பையை நான் வாங்கிக்கொண்டேன். எதிரே வந்தவர்களிடம் எல்லாம், இவர் யார் தெரியுமா என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. என் வாயில் அதெல்லாம் வருமா? பையை மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து சுமந்தேன். அண்ணி பசிக்கிறது என்றார்.

அடுத்த பருவத்தில் குழு ஒப்புக்கொண்டது. விடுப்பில்லாமல், பள்ளிக்கும் போய்க்கொண்டே ஆய்வை முடித்தார். சில பிள்ளைகளுக்குத் தைரியம் நின்றது. சிலர் பழையபடி மேசைக் கீறலுக்கே போனார்கள். இரண்டையும் எழுதினார்.

அண்ணன் நடத்துவது மூக்குக்கண்ணாடிக் கடை. எழுத்து வாசிக்கும் பார்வையைச் சோதிக்கக் கையில் கொடுக்கும் அட்டை ஒன்று உண்டு. அதை இப்போது உள்ளே வைத்துவிட்டார். வருகிறவர்கள் கையில் அண்ணியின் ஆய்வேட்டைத்தான் முதல் பக்கம் விரித்துக் கொடுக்கிறார். 'இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் நான் அல்ல' என்று அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசிக்கிறார்கள்.

"தெளிவாத் தெரியுதா?" என்கிறார் அண்ணன். தெரிகிறது என்றாலும் விடுவதில்லை. "எங்க, இன்னொரு தடவை படிங்க. எழுதினது என் வீட்டுக்காரி."