குளத்தில் அலசிய கம்பளி

அன்று குளத்தங்கரையில் இருந்தவர்கள்: நான். என் இடுப்பில் என் மகள், ஒன்றரை வயது. குடத்தோடு வந்த ஊர்ப் பெண்கள் மூன்று பேர். முன்னால் வந்தவள் உயரம், ஒல்லி, என் வயதுதான் இருக்கும். பின்னால் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர். வேறு யாரும் இல்லை.

எழுபத்து நான்காம் வருடம், சித்திரை மாதம். மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். நாங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கப்பலில் வந்தவர்கள். தாத்தா காலத்தில் போன குடும்பம். நான் பிறந்தது மலையில். இந்தியாவைப் பார்த்ததே இல்லை. சொந்த நாட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மண்டபம் முகாமில் மூன்று மாதம் இருந்தோம். சவுக்கு வெட்ட ஆள் தேடி ஒரு கான்ட்ராக்டர் வந்தார். அவரோடு வந்தோம். ஊர் ஓரத்தில் குடிசை கொடுத்தார். தண்ணீர் அவருடைய மாட்டுவண்டியில் பீப்பாயில் வரும். அதனால் ஊருக்குள் நான் போனதில்லை.

ஒரு வாரம் ஆகியிருக்கும். மகளுக்கு வயிற்றால் போனது, வாந்தியும் கூட. எங்களிடம் இருந்த ஒரே கம்பளி நாசமானது. அன்று பார்த்து வண்டியும் வரவில்லை. கணவர் வேலைக்குப் போய்விட்டார். கம்பளியைச் சுருட்டிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனேன்.

குளத்தைக் கண்டேன். வெயிலில் வற்றி, நடுவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். தெளிந்து கிடந்தது. இத்தனை நல்ல தண்ணீரில் ஏன் ஒருவரும் குளிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். இறங்கினேன். கம்பளியை முக்கி, மிதித்து, அலசினேன். பிள்ளையையும் கழுவிவிட்டு இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

மலையில் அப்படித்தான். நாங்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே இருந்து தகரத்தில் தண்ணீர் வந்து கொட்டும். பீலி என்போம். குளிப்பது, துவைப்பது எல்லாம் அதில்தான். அழுக்கு தண்ணீரோடு போய்விடும். ஓடுகிற தண்ணீரைத்தான் எனக்குத் தெரியும். நிற்கிற தண்ணீரைத் தெரியாது.

ஒல்லிப் பெண் குடத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாடி பண்ணிகினு கீறே?"

"கம்பளி அலசுறேங்க. புள்ளைக்குச் சொகமில்ல."

"அடிப்பாவி. ஊரே குடிக்கிற தண்ணிடி இது. நாங்க ஒரு கால் வெக்க மாட்டோம். நீ எறங்கி பீத்துணி தொவைக்கிறே."

இன்னொருத்தி சொன்னாள்: "சோப்பு எதுனா வேணுமா, வூட்லேந்து எடுத்தாரட்டா?"

பெரியவர் ஆட்டைத் திருப்பிக்கொண்டு ஊருக்குள் போனார்.

வெளியே வர வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் சேறு கிளம்பி இன்னும் கலங்கியது. அதனால் அசையாமல் நின்றேன். அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

சாயங்காலம் கோயில் முன்னால் கூடினார்கள். கணவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். ஊர் வேண்டாம் என்றால் கான்ட்ராக்டர் எங்களை வைத்துக்கொள்ள மாட்டார். முகாமிலும் பெயரை எடுத்துவிட்டார்கள். போக வேறு இடம் இல்லை.

குளத்தை எஞ்சின் வைத்து இறைத்துவிடச் சொன்னார் நாட்டாமை. "இதுங்கள இன்னா பண்றது?" என்றார்.

"வண்டி ஏத்தி வுடு நைனா. வந்த எடத்துக்கே போவட்டும்" என்றான் ஒருவன்.

ஒல்லிப் பெண் அவன் மேல் பாய்ந்தாள். "எங்க போவும்? கொயந்தைக்கு இன்னும் நிக்கல. தொரத்திட்டா கொளம் ரொம்பிடுமா?"

எனக்காகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். உடனே சொன்னாள்: "ஆனா கடலோர ஊத்துல இவ கை படக் கூடாது. சொல்லிட்டேன்."

"அப்போ தண்ணிக்கு இன்னா பண்ணுவா?" என்றார் நாட்டாமை.

"நான் ஊத்தறேன். என் தலையெழுத்து."

சிலர் சிரித்தார்கள். அதோடு கலைந்தார்கள்.

மறுநாள் எஞ்சின் ஓடியது. அவ்வளவு தண்ணீரும் மணலில் போனது. பிறகு ஊருக்கு இருந்தது கடலோர ஊற்றுதான். ஒரு மைல் நடக்க வேண்டும். மணலைத் தோண்டிக் காத்திருந்தால் நல்ல தண்ணீர் சுரக்கும். கொட்டாங்குச்சியில் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். உச்சி வெயிலில் பெண்கள் வரிசையாகப் போனதை என் குடிசையில் இருந்து பார்த்தேன். வண்டித் தண்ணீர் வந்த நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வந்தாலும், வெயில் ஏற ஏற அது உப்பாகிவிட்டது. குடிக்க ஆகாது.

அவள் தினம் வந்தாள். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. இடுப்புக் குடம் எங்களுக்கு. என் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு நான் தள்ளி நிற்பேன். சிந்தாமல் ஊற்றுவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். போய்விடுவாள்.

ஒரே ஒரு நாள் கேட்டேன். "அக்கா, கூட வந்து தூக்கியாறட்டுமா?"

"வாணாம். கொயந்தையப் பாரு."

அந்தத் தண்ணீரில்தான் பிள்ளை தேறினாள்.

வைகாசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. குளத்தில் இடுப்பளவு நின்றது. காலையில் அவள் வெறும் குடத்தோடு வந்தாள்.

"வா. கல்லு மேல நின்னு மொண்டுக்கோ. கால நனைக்காத."

போனேன். குனிந்து மொண்டேன். கரையில் இருந்த எல்லோரும் என் காலைத்தான் பார்த்தார்கள். அவளும்.

வந்த முதல் வருடம் எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். வெயிலைச் சொல்வேன். சவுக்கு வெட்டியதைச் சொல்வேன். இதைச் சொன்னதில்லை.

பிறகு ஒன்று புரிந்தது. பீலித் தண்ணீர் அழுக்கை அடித்துக்கொண்டு போய்விடும் என்று இருந்தேன். எங்களுக்குக் கீழேயும் ஒரு லயம் இருந்தது. அவர்கள் குடித்தது எங்கள் தண்ணீர்தான். அங்கே பிறந்து வளர்ந்த அத்தனை வருடமும் அவர்களை நான் ஒரு நாள் கூட நினைத்ததில்லை. இங்கே வந்து ஒருத்தி குடம் சுமந்த பிறகுதான் நினைத்தேன்.

இன்றும் தண்ணீரைப் பார்த்தால் முதலில் என் காலைத்தான் பார்த்துக்கொள்கிறேன். அவள் எனக்கு ஊற்றியது பத்தொன்பது குடம்.