வெறும் வயிறும் ஒரு டம்ளர் டீயும்

'படிச்சவங்க' என்று யாராவது என்னைப் பார்த்துச் சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது. செங்கல்பட்டு டாக்டர் சொன்னார். மாமியார் சொன்னார். என்னைப் பெற்ற அம்மாவும் சொன்னாள். தப்பு நடந்தால் அதைத் துடைத்துப் போட எல்லோருக்கும் என் படிப்பு ஒரு கைத்துணி. நான் வேதியியலில் பட்டம் வாங்கியவள்தான். வாங்கிய பட்டத்தோடு ஒரு வருடம் என் மாத்திரையை நானே பாழாக்கினேன் என்பதும் உண்மைதான்.

மகள் வயிற்றில் இருக்கும்போது எனக்குச் சர்க்கரை வந்தது. பிரசவத்துக்குப் பிறகு போய்விடும் என்றார்கள், போகவில்லை. அவளுக்கு ஆறு மாதம் ஆனபோது முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, பட்டப்பகலில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். சோதனையில் தைராய்டு குறைவு என்று வந்தது, கொழுப்பும் கூட இருந்தது. "இந்த வயசுல மூணுமா?" என்று நாத்தனார் கேட்டாள். ஏதோ நான் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது போல.

டாக்டர் எழுதிக் கொடுத்ததை எல்லாம் ஒரு தாளில் நேரவாரியாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். முதல் வரி: தைராய்டு மாத்திரை, காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில். ஒரு நாள்கூடத் தவறவில்லை. பிரசவத்துக்குப் பிறகு கொடுத்த கால்சியம் மாத்திரையையும் மறந்துவிடக் கூடாது என்று அதோடு சேர்த்தே விழுங்கினேன்.

மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டில் ஃபஜ்ரு தொழுகை முடிந்ததும் மாமியார் டீ போடுவார். நான் போட வேண்டியதை அவர் போட்டுக் கொடுப்பது பிரியத்தினால்தான், அதை மறுக்க மாட்டேன். பால் தூக்கலாக, இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு. மற்ற வேளைகளில் நான் சர்க்கரை போடாமல்தான் குடிப்பேன். அந்த முதல் டீ மட்டும் அப்படி முடியாது. "பொயுது விடியறப்ப வாய் கசக்கக் கூடாதும்மா" என்பார். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த நிமிடமே அந்த டம்ளரை வாங்கிக்கொள்வேன். தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் பொறை ரொட்டியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெறும் வயிறு அல்லவா! பொறையைத் தள்ளியதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். இதை எழுதும்போது கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஏனென்றால் எங்கள் யாருக்கும் டீ என்பது சாப்பாட்டில் சேர்த்தி கிடையாது. விருந்தாளி வந்தால், "ஒண்ணுமே சாப்பிடல, டீ மட்டும்தான் குடிச்சாங்க" என்போம். சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகும் நாளிலும் அப்படித்தான் போனேன், டீ குடித்துவிட்டு, வெறும் வயிற்றோடு.

செங்கல்பட்டு டாக்டர் ஒவ்வொரு முறையும் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்பார்: "மாத்திரை வெறும் வயித்துல போடறீங்களா?"

"ஆமா சார்."

"ரத்தம் வெறும் வயித்துல குடுத்தீங்களா?"

"ஆமா சார்."

நான் பொய் சொல்லவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தைராய்டு சரியாகவில்லை என்று மாத்திரையின் அளவை இரண்டு முறை கூட்டினார். காலைச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று புதிதாக இன்னொரு சர்க்கரை மாத்திரையைச் சேர்த்தார். பிள்ளை பால் மறந்துவிட்டதா, அடுத்த குழந்தை எண்ணம் உண்டா என்று கேட்டுவிட்டுக் கொழுப்புக்கும் ஒன்று எழுதினார். அதைத் தொடங்கிய சில வாரங்களில் தொடைச் சதை முறுக்கிப் பிழிந்தது போல வலித்தது. மாடிப்படி ஏற முடியவில்லை. சொன்னதற்கு, "எடை குறைங்க, நடங்க" என்றார்.

நடந்தேன். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் சாலையில் என் கணவர் தொப்பியும் பையும் விற்கும் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் மதியம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்குச் சோறு எடுத்துப் போனேன். வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நான் சாப்பிடாமல் கிளம்பியிருந்தேன். பாதி வழியில் கை நடுங்கியது. ரவிக்கை தொப்பலாக நனைந்தது. சாலை வெளுத்துப் போய்த் தூரமாக நகர்ந்தது. குழந்தை நழுவுவது தெரிந்தது. பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன், கைக்கு அது போய்ச் சேரவில்லை.

"யம்மா, இன்னா ஆச்சி உனுக்கு? கொயந்தைய வுட்டுட்ட பாரு!" என்று இளநீர்க்காரம்மா ஓடி வந்தார். என்னை உட்கார வைத்து, வாயில் இளநீரை ஊற்றி, பக்கத்துக் கடையிலிருந்து சர்க்கரை வாங்கிப் போட்டார். மகள் அலறிக்கொண்டிருந்தாள். நடைபாதைக் கல் பட்டு இடது புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் வழிந்தது. மூன்று தையல்.

அன்று சாயங்காலமே முடிவெடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை.

"உன் ஒடம்பு நேரா வர்ற வரிக்கும் பாப்பா முட்டுக்காட்டுல இருக்கட்டும்" என்றார் மாமியார். முட்டுக்காடு நாத்தனார் வீடு.

"எவ்ளோ நாளு மாமி?"

"அது உன் ஒடம்புக்குத்தான் தெரியும். நீ படிச்ச பொண்ணு, உனுக்குத் தெரியாதா?"

என் கணவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சண்டை போடவில்லை. அதுதான் இன்னும் என்னைத் தின்கிறது. பிள்ளையைக் கீழே போட்டவள் எந்த வாயால் கேட்பது என்று நினைத்தேன். அவளுடைய சட்டைகளை நானே மடித்துப் பையில் வைத்தேன்.

மகள் இல்லாத வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஊரப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். அடுத்து டாக்டரைப் பார்க்க ரத்தச் சோதனை வேண்டியிருந்தது. காலையில் அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஸ்டேஷன் பக்கத்திலிருந்த லேபுக்குப் போனேன். ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு என்னைவிட நான்கைந்து வயது குறைவாக இருக்கும். கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"ஃபாஸ்டிங் தானேக்கா?"

"ஆமாம்மா."

"ஒதட்டு மேல நுரை கீதே."

துடைத்துக்கொண்டேன். "டீதான். சாப்பிடல."

ரப்பரை அவிழ்த்துவிட்டாள். "பாலு, சக்கரை எல்லாம் போட்டதுதானே? அது உனுக்குத் தண்ணியாக்கா?" என்று சிரித்தாள். பிறகு சீட்டைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. "தைராய்டு மாத்திரையும் இப்டி டீயோடதான் போடறியா? ஒரு மணி நேரமாவது வுடணும்க்கா. கால்சியம்னா நாலு மணி நேரம். யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. இல்லை, சொல்லியிருக்கிறார்கள். 'வெறும் வயிறு' என்று சொல்லியிருக்கிறார்கள். ஊசி குத்தும் பெண் கேட்ட ஒரே ஒரு கேள்வியை, அத்தனை முறை செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிப் போன என்னிடம் ஏன் ஒருவரும் கேட்கவில்லை? லேப் வாசலில் நின்று அழுதேன். அழுகை முழுக்கக் கோபம்.

மறுநாள் ஒன்றும் குடிக்காமல் ரத்தம் கொடுத்தேன். காலைச் சர்க்கரை அத்தனை காலம் காட்டியதைவிட வெகுவாகக் குறைவாக இருந்தது. அந்தச் சோதனைச் சீட்டை டாக்டர் மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அன்றுதான் முதல் முறையாக அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வெறும் வயிறுன்னா வெறும் வயிறுதானேம்மா. நீங்க படிச்சவங்க தானே."

"டீ குடிப்பீங்களான்னு கேட்டிருக்கலாம் சார். எம் பொண்ணு மூணு தையலோட இருக்கா."

மறுபடி பேனாவை எடுத்து எழுதினார். அன்று சாலையில் சர்க்கரை இறங்கி நான் சாய்ந்தது புதிய சர்க்கரை மாத்திரையால்தான் என்று அதை நிறுத்தினார். தைராய்டு மருந்து இனி முழுதாக உடம்பில் ஏறும், கூட்டிய அளவு தாங்காது, நெஞ்சு படபடக்கும் என்று பழைய அளவுக்கே இறக்கினார். தைராய்டு குறைந்திருக்கும்போது கொழுப்பு மாத்திரை சதையில் வலி தரலாம் என்று அதையும் இப்போதைக்கு நிறுத்தினார். தைராய்டு சரியானால் கொழுப்பு தானாக இறங்கக்கூடும், சர்க்கரை கொஞ்சம் ஏறவும் கூடும், இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். இத்தனையும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கதவருகே போன பிறகுதான், "நான் கேட்டிருக்கணும்மா" என்று மெதுவாகச் சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு மாதம் போகட்டும், பிறகு பிள்ளையைக் கூட்டி வரலாம் என்று மாமியார் போனில் சொன்னார். நான் போனை வைத்துவிட்டு, அம்மா வீட்டிலிருந்தே பஸ் ஏறி முட்டுக்காட்டுக்குப் போனேன். நாத்தனார், "அம்மாகிட்ட கேட்டியா?" என்றாள். "எம் புள்ளைக்கு நான்தான் அம்மா" என்று சொல்லி மகளைத் தூக்கினேன். பயமாகத்தான் இருந்தது. மறுபடி விழுந்தால்? வழி முழுக்க பையில் சர்க்கரைப் பொட்டலத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள் காலை மாமல்லபுரம் வீட்டில் மாமியார் டீயை நீட்டினார். ஒரு மணி நேரம் கழித்து என்றேன்.

"இன்னா இப்ப, டீதானே? பிரியாணியா துன்னச் சொன்னேன்?"

"மாமி, நோன்பு வெச்சிக்கினு ஒரு வாய் டீ குடிச்சா நோன்பு நிக்குமா?"

டம்ளர் அப்படியே நின்றது. எனக்கே அது அப்போதுதான் உறைத்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்கினாலும் நோன்பு முறியும் என்று சின்ன வயதிலிருந்தே தெரிந்த வீட்டில், வெறும் வயிறு என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது.

"அது அல்லாவுக்கு. இது டாக்டருக்கு" என்றார் மாமியார். ஆனாலும் டீயை மூடி வைத்தார்.

இரண்டு மாதத்தில் தைராய்டு கட்டுக்குள் வந்தது. கொழுப்பு இறங்கியது, மாத்திரை வேண்டாம் என்றார்கள். சர்க்கரை, அவர் சொன்னது போலவே, சற்று ஏறியது. அதற்குப் பழைய மாத்திரையில் அரை கூட்டினார்கள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று நகரும், இனி ஆயுசுக்கும் இப்படித்தான்.

இப்போது மாமியார் பக்கத்து வீட்டில் சொல்கிறார்: "மருமவளுக்கு ஒரு மணி நேரம் கயிச்சித்தான் டீ குடுப்பேன். நான் பாத்துக்கறதாலதான் தேறிச்சி." கேட்டுக்கொண்டே துணி காயப்போடுகிறேன்.

மகளின் தழும்பைப் பார்த்து யாராவது கேட்டால், "வெளையாடறப்ப வுய்ந்துட்டா" என்று மூடப் பார்க்கிறார். அதை மட்டும் நான் விடுவதில்லை. "இல்ல. என் கையிலேர்ந்துதான் விழுந்தா" என்கிறேன். எப்படி என்று கேட்கிறவர்களிடம், காலையில் எழுந்ததும் என்ன குடிப்பீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் மீதியைச் சொல்கிறேன்.