பெரியப்பா பேசிய பேரம்

சாரம் ஏரியாவில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். ஒயரிங் கூலி எங்கள் பக்கம் பாயிண்ட் கணக்கு. லைட்டுக்கு ஒரு பாயிண்ட், ஃபேனுக்கு ஒரு பாயிண்ட். எலக்ட்ரீஷியன் சொன்ன ரேட் நியாயமா என்று தெரிந்துகொள்ள, தெருவில் புதிதாகக் கட்டியிருந்த வீட்டுக்காரர்களை எல்லாம் காலிங் பெல் அடித்து விசாரித்தேன். எங்கள் ஆள் அதிகமாகத்தான் சொல்லியிருந்தார்.

பேரம் பேசும்போது சிரிக்கவே கூடாது என்று கணவரிடம் சொல்லிவைத்தேன். அவர் கண்ணாடி முன் நின்று முகத்தைக் கடுகடுவென்று வைத்து ஒத்திகைகூடப் பார்த்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பாரிசிலேயே தங்கிவிட்ட பெரியப்பா லீவுக்கு வந்திருந்தார். அவரிடம் சொல்லிவைக்க மறந்து தொலைத்தேன்.

"பக்கத்துத் தெருவுல கம்மிதாங்க" என்று எலக்ட்ரீஷியனிடம் நான் ஆரம்பித்ததும், பெரியப்பா ரேட்டைக் கேட்டு, மனசுக்குள் யூரோவாக மாற்றிப் பார்த்தார்.

"இவ்ளோதானா? எங்க ஊர்ல இந்தக் காசுக்கு ஒருத்தன் வந்து எட்டிகூடப் பாக்கமாட்டான். பாவம்பா நீ."

எலக்ட்ரீஷியனுக்கு வாயெல்லாம் பல். கணவர் பூசாத சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். கோபமாகத் திட்ட வாயைத் திறந்த எனக்கும் சிரிப்புதான் வந்தது. எலக்ட்ரீஷியன் கேட்ட ரேட்டுக்கே வேலை முடிந்தது.

இரண்டு வருஷம் கழித்து மாடி எடுத்தோம். அதே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, இப்போது என்ன ரேட் என்று கேட்டேன். அவர் என் தோளுக்குப் பின்னால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பெரியவரு பிரான்சுலேர்ந்து எப்ப வராருங்க? அவரு வந்ததும் பேசிக்கலாம்."